மேலே மேற்கு, அடியில் கிழக்கு

நிலநடுக்கோட்டில் கப்பலை நிறுத்திக் கருவியை இறக்கும்போது நான் முதலில் பார்ப்பது கம்பியைத்தான். கணினித் திரை அப்புறம். பசிபிக்கின் நடுவே கப்பல் காற்றோடும் மேல்நீரோடும் மெல்ல மேற்கே நகர்ந்துகொண்டிருக்கும். கம்பியோ இறங்க இறங்கக் கிழக்கே சாயும். நூறு மீட்டர் தாண்டியதும் யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பதுபோல விறைத்து நிற்கும். எத்தனை பயணம் போனாலும் அந்தச் சாய்வைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நம் காலடியில் ஒரு பெரும் நீர்ப்பரப்பு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது; மேலே அதற்கு ஓர் அறிகுறியும் இல்லை.

பள்ளிப் புத்தக வரைபடங்களில் நிலநடுக்கோட்டை ஒட்டித் தடித்த அம்புக்குறிகள் மேற்கு நோக்கிப் போகும். அவை தவறில்லை, ஆனால் மேல்நீரின் நீண்டகாலச் சராசரியை மட்டுமே காட்டுகின்றன. அந்த அம்புகளை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் கடல் நீரோட்டத்தை நிலையான ஓர் ஆறாக எண்ணிக்கொள்கிறார்கள். ஆற்றுக்கு ஒரு படுகை உண்டு, ஒரு திசை உண்டு. வெப்பமண்டலக் கடலிலோ நீர் ஆழத்துக்கு ஆழம் வேறு திசையில் ஓடுகிறது, சில இடங்களில் பருவத்துக்குப் பருவம் திரும்பியும் ஓடுகிறது. கடலின் அடுத்த சில மாதப் போக்கைச் சொல்லும் செய்தி பெரும்பாலும் மேல்நீருக்கு அடியில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் காற்றிலிருந்து தொடங்குகிறது. வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் வியாபாரக் காற்றுகள் வெப்பமான மேல்நீரை மேற்கே தள்ளுகின்றன. பசிபிக்கில் 15,000 கிலோமீட்டருக்கும் மேலான அகலம் முழுவதும் இந்தத் தள்ளுதல் நடப்பதால், மேற்குக் கரையோரம் கடல் மட்டம் கிழக்கைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவு இது. ஆனால் அதன் விளைவு அடியில் பெரிதாகத் தெரியும். வெப்பமான மேலடுக்கு மேற்கில் 150 மீட்டர் அளவுக்குத் தடித்திருக்கும். கிழக்கில் 50 மீட்டர் அளவிலேயே குளிர்நீர் வந்துவிடும். மேலே அரை மீட்டர், கீழே நூறு மீட்டர். மேற்பரப்பில் தெரியும் சிறு மாற்றத்தை அலட்சியம் செய்யக்கூடாது என்று மாணவர்களிடம் நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மேற்கே குவிந்த நீர் அங்கேயே தங்கிவிட முடியாது. ஒரு பகுதி வடக்கிலும் தெற்கிலும் கரையோரமாகப் பிரிந்து போகிறது. ஒரு பகுதி நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, காற்று தளர்ந்திருக்கும் பட்டையில், எதிர்நீரோட்டமாகக் கிழக்கே திரும்புகிறது. இன்னொரு பகுதி திரும்புவது அடிவழியாக.

அந்த அடிவழியைக் காட்டிக்கொடுத்தது ஒரு மீன்பிடித் தூண்டில். 1950-களின் தொடக்கத்தில் மத்திய பசிபிக்கில் சூரை மீனுக்காக ஆழத்தில் இறக்கிய நீண்ட தூண்டில் வரிசைகள், மேல்நீருக்கு எதிராகக் கிழக்கே இழுபட்டன. 1952-இல் அமெரிக்கக் கடலியலாளர் டவுன்செண்ட் குரோம்வெல் அதை ஆராயப் போய், நிலநடுக்கோட்டின் நேர் அடியில் கிழக்கே பாயும் நீரோட்டத்தைக் கண்டறிந்தார். அட்லாண்டிக்கில் இப்படி ஒன்று ஓடுவதைக் கடலாய்வாளர் ஜே. ஒய். புக்கானன் 1880-களிலேயே கவனித்திருந்தார். அது மறக்கப்பட்டுப் போயிருந்தது. குரோம்வெல் 1958-இல் விமான விபத்தில் இறந்தார். பசிபிக் அடிநீரோட்டம் இன்று அவர் பெயரையும் தாங்குகிறது.

இந்த நீரோட்டம் ஏன் நிலநடுக்கோட்டை விட்டு விலகுவதில்லை? இந்த விளக்கத்தில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பூமி சுழல்வதால் வரும் கொரியோலிஸ் விசை வட அரைக்கோளத்தில் ஓடும் நீரை வலப்பக்கமும், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமும் திருப்பும். சரியாக நிலநடுக்கோட்டில் அந்தத் திருப்பம் இல்லை. ஆகவே காற்றின் பிடி எட்டாத ஆழத்தில், மேற்கில் குவிந்த நீரின் அழுத்தம் நீரை நேராகக் கிழக்கே தள்ளிவிடுகிறது. அப்படி ஓடும் நீர் சற்றே வடக்கே விலகினால் விசை அதை வலப்பக்கம், அதாவது தெற்கே திருப்பும். தெற்கே விலகினால் இடப்பக்கம், அதாவது வடக்கே திருப்பும். எந்தப் பக்கம் போனாலும் கோட்டுக்கே திரும்ப வேண்டும். கரையே இல்லாத இடத்தில் பூமியின் சுழற்சி இரு கரை கட்டிவைத்திருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் அகலம், வேகமான இடத்தில் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேல், மொத்தத்தில் அமேசான் ஆறு கடலில் கொட்டுவதைப்போல நூறு மடங்குக்கும் அதிகமான நீர்.

மேல்நீருக்கு இதே விசை நேர்மாறாக வேலை செய்கிறது. மேற்கே வீசும் காற்றால் தள்ளப்படும் நீர் வடக்குப் பக்கத்தில் வடக்கேயும் தெற்குப் பக்கத்தில் தெற்கேயும் விலகுகிறது. நடுவில் விழும் இடைவெளியை நிரப்பக் குளிர்ந்த, சத்துள்ள நீர் அடியிலிருந்து மேலே வருகிறது. கிழக்கே ஏறிவரும் அடிநீரோட்டம் கலாபகஸ் தீவுகளில் மோதி, அவற்றின் மேற்குப் பக்கம் மேலெழுகிறது. வெயில் சுடும் நிலநடுக்கோட்டில் பெங்குவின்கள் வாழ முடிவது இந்தக் குளிர்நீரால்தான். கடல் சிங்கமும் மீனும் அங்கே செழிப்பதற்கும் பல ஆயிரம் கிலோமீட்டர் அடியில் பயணம் செய்து வந்த நீரே காரணம்.

பசிபிக்கின் நீர் முழுவதும் பசிபிக்கிலேயே சுற்றுவதுமில்லை. மேற்கில் உயர்ந்து நிற்கும் மட்டம் இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியாக இந்தியப் பெருங்கடலுக்குள் வழிகிறது. மக்காசார் நீரிணைதான் முக்கிய வாசல். பிறகு லொம்போக், ஓம்பாய், திமோர் ஆகிய கடல்வழிகளில் வெளியேறுகிறது. சராசரியாக நொடிக்கு ஒன்றரைக் கோடி கன மீட்டர். வெப்பமண்டலத்தில் ஒரு பெருங்கடலிலிருந்து இன்னொன்றுக்கு நீர் நேரடியாகக் கடக்கும் வழி இது ஒன்றுதான்.

இந்தியப் பெருங்கடலுக்கு வந்தால் மேற்சொன்ன ஒழுங்கு குலைந்துவிடும். இங்கே நிலநடுக்கோட்டில் நிலையான வியாபாரக் காற்று கிடையாது, பருவக்காற்றுதான் ஆட்சி. சோமாலியக் கரையோர நீரோட்டம் கோடையில் வடக்கே பாய்ந்து, குளிர்காலத்தில் தெற்கே திரும்புகிறது. இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் காலங்களில் நிலநடுக்கோட்டு மேல்நீர் கிழக்கே சீறிப் பாய்கிறது. கடலியலாளர் கிளவுஸ் விர்ட்கி 1973-இல் எடுத்துக்காட்டியதால் அந்தப் பாய்ச்சலுக்கு அவர் பெயர். அடிநீரோட்டமும் இங்கே ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. இந்தக் கடலுக்கு ஆண்டுச் சராசரி அம்பு வரைவது பயனற்றது என்பது என் கருத்து. மே மாதப் படத்தைப் பிப்ரவரியில் பார்த்து முடிவெடுப்பவர் தவறான திசையில் தேடுவார்.

இனி நான் அஞ்சும் விஷயம். வியாபாரக் காற்று தளரும்போது மேற்கே குவிந்திருந்த வெந்நீர் கிழக்கே திரும்புகிறது. கிழக்குப் பசிபிக் வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நினோ தொடங்குகிறது. முதல் அடையாளம் மேற்பரப்பில் அவ்வளவாகத் தெரியாது. நிலநடுக்கோடு வழியே கெல்வின் அலை என்னும் மிக நீண்ட ஓர் அலை இரண்டு மூன்று மாதங்களில் பசிபிக்கைக் கடக்கும். மேலே அது சில சென்டிமீட்டர் உயரம்தான். அடியில் வெப்ப அடுக்கைப் பல பத்து மீட்டர் கீழே அழுத்திக்கொண்டு போகும். 1982-83 எல் நினோ அறிவியலாளர்களையே ஏமாற்றியது. 1982-இல் மெக்சிகோவில் வெடித்த எல் சிச்சோன் எரிமலையின் தூசுப்படலம் செயற்கைக்கோள்களின் கண்ணை மறைத்து, கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ந்திருப்பதாகக் காட்டியது. அடியில் அளக்கும் கருவிகள் போதவில்லை. அந்த நிகழ்வின்போது மத்திய பசிபிக்கில் அடிநீரோட்டமே சில காலம் மறைந்து போனது என்பது பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகே நிலநடுக்கோட்டுப் பசிபிக்கில் ஏறத்தாழ 70 நங்கூரமிட்ட மிதவைகள் அமைந்தன. 1994-இல் வரிசை முழுமை பெற்றது. ஒவ்வொன்றும் காற்றையும் 500 மீட்டர் ஆழம் வரை வெப்பநிலையையும் அளந்து அனுப்பியது. பின்னர் அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் இதுபோன்ற வரிசைகள் வந்தன. 2,000 மீட்டர் வரை மூழ்கிப் பத்து நாளுக்கொரு முறை மேலே வரும் ஆர்கோ மிதவைகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளன. இருந்தாலும் நங்கூரமிட்ட மிதவை ஒரே இடத்தில் மணிக்கு மணி சொல்லும் கதையை வேறு எதுவும் சொல்வதில்லை. மிதவைகளைப் பராமரித்த கப்பல் 2012-இல் நிறுத்தப்பட்டபின், 2014-இன் தொடக்கத்தில் பசிபிக் வரிசையிலிருந்து வந்த தரவு பாதிக்கும் கீழே சரிந்தது. கடல் மாறவில்லை, நாம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம். இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

பணம் மட்டும் காரணமில்லை. மிதவையின் நிழலில் மீன் சேரும். அதனால் படகுகள் வந்து அதில் கயிறு கட்டுகின்றன, அருகே வலை வீசுகின்றன. மீன்பிடிப்பவரின் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. அடிநீரோட்டத்தை நமக்குக் காட்டியதே தூண்டில்தான். ஆனால் கட்டிய கயிறு மிதவையை இழுக்கும்போது நங்கூரக் கம்பி தேய்கிறது. சிக்கிய வலை, கம்பியில் பொருத்திய உணர்விகளை, அதாவது அளக்கும் கருவிகளைப் பிடுங்குகிறது. படகில் செல்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: மஞ்சள் மிதவையைக் கண்டால் கட்டாதீர்கள், ஏறாதீர்கள், தள்ளி நின்று மீன் பிடியுங்கள். அறுந்து மிதப்பதைக் கண்டால் இடத்தையும் நேரத்தையும் குறித்து, மிதவையில் எழுதியிருக்கும் எண்ணைக் கடலோரக் காவல் படைக்குச் சொல்லுங்கள்.

ஒரு பயணத்தில் நாங்கள் மேலே இழுத்த கம்பியில் நூறு மீட்டருக்குக் கீழே உணர்விகள் இருந்த இடமெல்லாம் நைலான் வலை சுற்றியிருந்தது. வலையை அறுத்து எடுக்கவே அரைநாள் ஆனது. மேலே இருந்த இரண்டு உணர்விகள் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தன. மேல்நீரின் வெப்பநிலை ஒரு நாள்கூட விடுபடவில்லை. அடிநீரோட்டம் ஓடும் ஆழத்தின் வரைபடத்தில் மட்டும் ஐந்து மாதத்துக்கு வெள்ளையாக ஒரு பட்டை.