வியூஃபைண்டரில் தெரிவதை அப்படியே நம்பாதீர்கள்

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிய புதிதில் ஒரு மேடை நிகழ்ச்சியைப் படம் எடுத்தேன். அரங்கம் நல்ல இருட்டு. வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையில், ஆடுபவர்களின் முகம் பளிச்சென்று தெரிந்ததால் எதையும் மாற்றாமல் எடுத்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் பாதிக்கு மேல் ஒன்றரை ஸ்டாப் இருட்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையின் வெளிச்சம் அதிகமாகத் தெரிந்திருக்கிறது, நான் அதைப் படத்தின் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் இந்தத் தவறு நடக்காது, வேறு தவறு நடக்கும். அதனால்தான் எது உசத்தி என்று யாராவது கேட்டால், முதலில் இரண்டும் எதைக் காட்டுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

டிஎஸ்எல்ஆரில் இருப்பது ஆப்டிகல் வியூஃபைண்டர். அதில் லென்ஸ் வழியாக வரும் ஒளி 45 டிகிரி சாய்ந்த கண்ணாடியில் பட்டு, மேலே ஃபோகஸிங் ஸ்க்ரீனில் விழுந்து, பிரிஸம் வழியாகக் கண்ணுக்கு வருகிறது. நடுவில் மின்னணு எதுவும் இல்லாததால் தாமதமே கிடையாது, பேட்டரியும் தாங்கும். (கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் அளவீட்டில், ஒருமுறை சார்ஜ் செய்தால் நிக்கானின் டிஎஸ்எல்ஆரான டி850க்கு 1840 படம், அதன் மிரர்லெஸ் இசட்7க்கு 330. நடைமுறையில் இரண்டுமே கூடுதலாக வரும், ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான்.) ஆனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விடும் ஒளியின் அளவை, எவ்வளவு தப்பாக வைத்தாலும் காட்சி அப்படியே அழகாகத்தான் தெரியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: இன்றைய ஃபோகஸிங் ஸ்க்ரீன்கள் வெளிச்சமாகத் தெரிவதற்காகச் செய்யப்பட்டவை, லென்ஸின் துளையான அப்பர்ச்சர் ஏறக்குறைய எஃப் 2.8ஐ விட அகலமாக (எண் அதைவிடச் சிறிதாக) திறந்திருந்தால் அந்த மெல்லிய ஃபோகஸ் ஆழத்தை அவை காட்டுவதில்லை. எஃப் 1.4 லென்ஸில் கையால் ஃபோகஸ் செய்துவிட்டு, கண் கூர்மையாக இருந்ததே, படத்தில் ஏன் காது மட்டும் கூர்மையாக இருக்கிறது என்று குழம்புவது இதனால்தான். பின்பக்கத் திரையில் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் பலவற்றில் 95 சதவீதம்தான் தெரியும், நீளம் அகலம் இரண்டிலும் 95 என்பதால் பரப்பில் சுமார் 90. வியூஃபைண்டரில் இல்லாத கம்பமும் கையும் படத்தின் ஓரத்தில் வந்து நிற்கும்.

சரி, மிரர்லெஸ்ஸில் இருக்கும் எலக்ட்ரானிக் வியூஃபைண்டர். சென்சாரில் விழுந்ததைக் கேமரா ஜேபெக் மாதிரிப் பதப்படுத்தி ஒரு குட்டித் திரையில் காட்டுகிறது. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், கருப்பு வெள்ளை எல்லாம் எடுப்பதற்கு முன்பே தெரிவது பெரிய வசதி, கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது என்பது என் எண்ணம். ஆனால் நீங்கள் ராவில் (பதப்படுத்தாத கோப்பாக) எடுத்தாலும் பார்ப்பது ஜேபெக்கை. பெரும்பாலான கேமராக்களில் ஹிஸ்டோகிராமும் (படத்தின் இருட்டு, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) அதிலிருந்தே வருகிறது. கான்ட்ராஸ்ட் அதிகமான பிக்சர் ஸ்டைல் வைத்திருந்தால், ராவில் பத்திரமாக இருக்கும் வானம் வெளுத்துப்போனதாகக் காட்டும், நீங்கள் பயந்து எக்ஸ்போஷரைக் குறைப்பீர்கள், அப்புறம் நிழலில் நாய்ஸ் வரும். நான் நியூட்ரல் ஸ்டைல் வைத்து, வியூஃபைண்டர் பிரகாசத்தை நடுவில் நிறுத்திவிட்டு, முடிவை ஹிஸ்டோகிராமைப் பார்த்தே எடுக்கிறேன். அந்த மேடை நிகழ்ச்சிக்குப் பிறகு வந்த பழக்கம் இது.

ஸ்டுடியோ ஃப்ளாஷோடு முதல்முறை எடுப்பவர்கள் வியூஃபைண்டர் கருப்பாக இருக்கிறது, கேமரா போய்விட்டது என்று பதறுவார்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/160 வைத்தால் அறை விளக்குக்கு அது இருட்டுதான், ஃப்ளாஷ் வரப்போவது கேமராவின் முன்னோட்டத்துக்குத் தெரியாது. மெனுவில் எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை அணைத்தால் போதும்.

எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் திரைக்கு விளம்பரத்தில் வரும் புள்ளிக் கணக்கையும் கவனியுங்கள். 36.9 லட்சம் புள்ளி என்பது சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக எண்ணியது, பிக்சலில் அது 1280க்கு 960தான்.

இனி சொல்வதை மட்டுமாவது மறக்காதீர்கள். ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, டெலி லென்ஸ் போட்டிருந்தால் கண நேரம் கூட. லென்ஸ் குவிக்கும் ஒளி நேராக விழித்திரைக்குப் போகிறது, விழித்திரைக்கு வலி தெரியாது, எரிந்த பிறகுதான் பார்வை மங்குவது புரியும், அந்தப் பாதிப்பு நிரந்தரமாகவும் இருக்கலாம். கிரகணம் எடுப்பதாக இருந்தால் சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர் லென்ஸின் முன்னால் இருக்க வேண்டும், வெளிச்சத்தைக் குறைக்கும் சாதாரண என்டி ஃபில்டர் போதாது. எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் பார்ப்பது திரையை என்பதால் கண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை, ஆனால் சென்சாரும் ஷட்டர் திரையும் கருகலாம். அதனால் அங்கேயும் ஃபில்டர் வேண்டும்.

எதை வாங்குவது என்றால், புதிதாகத் தொடங்குபவருக்கு நான் தயங்காமல் எலக்ட்ரானிக் என்பேன். நாள் முழுக்கக் காட்டில் காத்திருந்து பறவை எடுப்பவர் கையில் நல்ல டிஎஸ்எல்ஆர் இருந்தால் அதை விற்க அவசரம் வேண்டாம்.

எதுவானாலும் கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வியூஃபைண்டரை உங்கள் பார்வைக்கு ஏற்றபடி மாற்றும் டயாப்டர் சக்கரத்தை இன்றே சரிசெய்யுங்கள். காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது, கீழே தெரியும் எண்களும் எழுத்துகளும் கூர்மையாகும் வரை திருப்ப வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதோடு பார்க்கப்போகிறார்களா கழற்றிவிட்டா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கேமராவை இன்னொருவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் அந்தச் சக்கரம் நகர்ந்திருக்கலாம், மறுபடி ஒருமுறை பாருங்கள்.