பர்சானிஃபிகேஷன்: வைகை அறிந்தனள், பூக்கள் அறிந்தன

அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். வீடு செல்லூரில், வைகைக்கு வடகரை. இங்கிலீஷ் பாடத்தில் செய்யுள் வரிகளைக் கொடுத்து, ‘இதில் வரும் ஃபிகர் ஆஃப் ஸ்பீச் என்ன?’ என்று கேட்பார்களே, அதற்காக ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் தமிழ் என்று எழுதி வைத்திருந்தாள். சிமிலி, உவமை. மெட்டஃபர், உருவகம். அலிட்டரேஷன், மோனை. (முழுசாகப் பொருந்தாது, பத்தாம் வகுப்புக்குப் போதும்.) அடுத்த வரி: பர்சானிஃபிகேஷன், தற்குறிப்பேற்றம்.

“மாமா, இது சரிதானா? தமிழ் மிஸ்கிட்ட கேட்டா ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறாங்க. என்னா வித்தியாசம்னு கேக்குறதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு.”

தமிழ் மிஸ் சொன்னதுதான் சரி. ஆனால் அவள் நோட்டில் இருந்ததைத் தப்பு என்று ஒரே அடியாக அடித்துவிடவும் மனசு வரவில்லை. பல பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது, அந்தக் காரணம் மதுரைக் கோட்டை வாசலிலேயே நிற்கிறது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். லத்தீனில் ‘பெர்சோனா’ என்றால் கூத்தாடுபவர் மாட்டிக்கொள்ளும் முகமூடி. முகமூடியிலிருந்து அது ஏற்ற வேடத்தைக் குறித்தது, வேடத்திலிருந்து ஆளையே குறித்தது. இங்கிலீஷில் நாம் அன்றாடம் சொல்லும் ‘பெர்சன்’ அதன் வழி வந்ததுதான். ‘பாகெரெ’ என்றால் செய்தல், ஆக்குதல். இரண்டும் சேர்ந்தால் ஆளாக்குதல். 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது. பொருள்களை ஆட்களாக மாற்றுவது என்று அங்கே விளக்கம். கூடவே ‘ப்ரொசொபொபீயா’ என்ற பழைய பெயரையும் தருகிறார். அது கிரேக்கம். ‘ப்ரொசோபொன்’ என்றால் முகம், முகமூடி. ‘பொயெய்ன்’ என்றால் செய்தல். போயம், பொயட் எல்லாம் இந்தச் ‘செய்தல்’ வழி வந்தவை. (நாம் செய்யுள் என்கிறோம், அதுவும் செய்வதுதான்.) பழைய மேடைப்பேச்சுப் பயிற்சியில் செத்தவரோ, ஒரு ஊரோ, ஒரு நாடோ எழுந்து பேசுவதுபோலப் பேசிக்காட்டுவதை இந்தப் பெயரால் அழைத்தார்கள். முகம் இல்லாத ஒன்றுக்கு முகம் மாட்டிவிடுவது. ‘காற்று கிசுகிசுத்தது’ என்றால் காற்றுக்கு ஒரு வாய் வந்துவிட்டது. அவ்வளவுதான் பர்சானிஃபிகேஷன்.

இந்த வேலையைத் தமிழ் இலக்கணம் கவனிக்காமல் விடவில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்கிறார்:

கேட்குந போலவும் கிளக்குந போலவும்
இயங்குந போலவும் இயற்றுந போலவும்
அஃறிணை மருங்கினும் அறையப் படுமே

அஃறிணைப் பொருள்களைக் கேட்பவை போல, பேசுபவை போல, நடப்பவை போல, செய்பவை போலச் சொல்வதும் உண்டு என்பது பொருள். ‘நன்னீரை வாழி அனிச்சமே’ என்று குறளில் ஒருவன் பூவைக் கூப்பிடுகிறான். பூ கேட்கிறது. ‘பகைமையும் கேண்மையும் கண்ணுரைக்கும்’ என்றால் கண் பேசுகிறது. மாட்டுத்தாவணியில் நின்று யாராவது வழி கேட்டால், “இந்த ரோடு மேலூர் போகுது” என்கிறோம். ரோடு எங்கேயும் போகவில்லை, போட்ட இடத்தில்தான் கிடக்கிறது. ‘தன்னையே கொல்லுஞ் சினம்’ என்றால் சினத்துக்குக் கை முளைத்துவிட்டது. இந்தச் சூத்திரத்தை அணியிலக்கணமாகத் தேடினால் கிடைக்காது, சொல்லதிகாரத்தில் இருக்கிறது. கவிஞருக்கு மட்டும் உரிய வித்தையாக இதைப் பவணந்தியார் ஒதுக்கி வைக்கவில்லை, எல்லோரும் பேசும் மொழியின் இயல்பாகவே பார்த்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

சரி, தற்குறிப்பேற்றம் எது? தண்டியலங்காரம் வரையறுத்திருக்கிறது:

பெயர்பொருள் அல்பொருள் எனவிரு பொருளினும்
இயல்பின் விளைதிறன் அன்றி அயலொன்று
தான்குறித்து ஏற்றுதல் தற்குறிப் பேற்றம்

பெயர்பொருள் என்றால் இடம் பெயர்வது, அல்பொருள் என்றால் பெயராதது. இரண்டில் எதுவானாலும், அது இயல்பாகச் செய்கிற ஒன்றுக்குக் கவிஞர் தன் மனதில் உள்ள வேறொரு காரணத்தை ஏற்றிச் சொல்வது. தன் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்றம். இதில் பார்க்க வேண்டிய சொல் ‘பெயர்பொருள்’. மனிதனும் அதில் அடக்கம். சித்திரை வெயிலில் தெற்கு மாசி வீதியில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். வெயில் தாங்காமல் குனிகிறார், அது இயல்பு. தூரத்தில் தெரியும் கோபுரத்தை வணங்கியபடி போகிறார் என்று ஒரு கவிஞர் எழுதினால் தற்குறிப்பேற்றம் வந்துவிட்டது. ஆனால் பர்சானிஃபிகேஷன் வரவில்லை. ஏற்கெனவே ஆளாக இருப்பவரை மறுபடி எப்படி ஆளாக்குவது? ஆக, ஒன்று காரணத்தை ஏற்றுவது, மற்றொன்று ஆள்தன்மையை ஏற்றுவது.

பின் ஏன் குழப்பம்? தற்குறிப்பேற்றம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது சிலப்பதிகாரத்துக் கொடி. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையப்போகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. இளங்கோவடிகள் எழுதுகிறார்: ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’. வராதே, வராதே என்று கை காட்டுகின்றனவாம். ஆடுவது காற்றால், ஏற்றிய காரணம் கவிஞருடையது. அது தற்குறிப்பேற்றம். ஏற்றிய அந்தக் காரணத்துக்குள் கொடிக்கு வாயும் கையும் வந்துவிட்டதால் பர்சானிஃபிகேஷனும் கூடவே இருக்கிறது. ஒரே எடுத்துக்காட்டில் இரண்டும் சேர்ந்து இருப்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று நோட்டில் ஏறிவிட்டது.

கொடிக்குக் கொஞ்சம் முன்னால் போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். புறஞ்சேரியிறுத்த காதையில் அவர்கள் வைகைக்கு வந்து சேரும் இடம். ஆறு முழுக்கப் பூ மிதந்து போகிறது, தண்ணீரே தெரியவில்லை. ஏன் தெரியவில்லை?

வையை என்ற பொய்யாக் குலக்கொடி
தையற்கு உறுவது தான்அறிந் தனள்போல்
புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி

கண்ணகிக்கு வரப்போவது வைகைக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் நிறைந்த நீரைப் பூவாடைக்குள் மறைத்து அடக்கிக்கொண்டு போகிறாள். மரப்புணையில் ஏறித் தென்கரை சேர்ந்தால் அடுத்து அகழி. அதிலிருக்கும் குவளையும் ஆம்பலும் கமலமும் இருவரும் படப்போகும் துயரத்தை ‘ஐயம் இன்றி அறிந்தன போல’ கண்ணீர் கொண்டு நடுங்குகின்றன. (பூவில் இருப்பது கள் நீர், அதாவது தேன். அதையே கண்ணீர் ஆக்குகிறார். நடுங்க வைப்பது காற்று.)

இரண்டு இடத்திலும் ஒரே வினை, அறிதல். ஆற்றுக்கு ‘அறிந்தனள்’, பூக்களுக்கு ‘அறிந்தன’. இரண்டு இடத்திலும் இயல்பான ஒன்றுக்கு வேறு காரணம் ஏற்றப்பட்டிருக்கிறது, இரண்டும் தற்குறிப்பேற்றம். இரண்டிலும் அழுகை இருக்கிறது, இங்கிலீஷ் கணக்கில் இரண்டுமே பர்சானிஃபிகேஷன். ஆனால் தமிழில் ஆற்றுக்கு மட்டும்தான் உயர்திணை கிடைத்திருக்கிறது. பூக்கள் அழுதாலும் அஃறிணையிலேயே நிற்கின்றன. வைகை குலமகள், கண்ணகிக்குச் சமமான ஒரு பெண், பூக்கள் இரக்கப்படும் பூக்கள். இந்த வேறுபாட்டைச் சொல்ல இளங்கோவுக்கு ‘அள்’ என்ற ஒரு விகுதி போதுமாக இருந்தது. இங்கிலீஷ் வினைச்சொல்லில் இதற்கு இடமே கிடையாது. ‘ஷி நியூ’ என்றாலும் ‘தே நியூ’ என்றாலும் வினை அதேதான், முன்னால் நிற்கும் சொல்லை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படித் திணை மாற்றிச் சொல்வதற்கும் நன்னூல் இடம் கொடுக்கிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு இவற்றால் திணையும் பாலும் மாறினாலும் அது இயல்பே என்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது பாடப்புத்தகத்து எடுத்துக்காட்டு, திணை வழுவமைதி. அலங்காநல்லூர்ப் பக்கம் காளை வளர்ப்பவர் வீட்டில் போய் “மாடு எங்க?” என்று கேளுங்கள். “அவன் தோட்டத்துல நிக்கிறான்” என்று பதில் வரும். உவப்பினால் வந்த வழுவமைதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. அக்கா மகள் உற்சாகத்தில், “அப்ப ‘அழகர் ஆத்துல இறங்கிட்டாரு’ன்னா பர்சானிஃபிகேஷனா மாமா?” என்றாள். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். இல்லை. மக்கள் தேவர் நரகர் உயர்திணை என்பது நன்னூல். அழகர் தேவர், சிலைக்கு யாரும் ஆள்தன்மையை ஏற்றவில்லை. அப்படிச் சொல்பவருக்கு இறங்குவது அழகரேதான். அங்கே அணி எதுவும் இல்லை.

அப்படியானால் பர்சானிஃபிகேஷனுக்குத் தமிழ்? மனிதப்பண்பேற்றம் என்று ஒன்று புழங்குகிறது. பொருள் சரி, ஆனால் அது பெயர் மாதிரி இல்லை, விளக்கம் மாதிரி இருக்கிறது. ஆளுருவகம் என்பதும் உண்டு. என் ஓட்டு அதற்குத்தான். பெர்சோனாவுக்கு ‘ஆள்’ கச்சிதமாக உட்காருகிறது, வேடம் என்ற பழைய வாசனையும் ‘உரு’வில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. குறை ஒன்று உண்டு. ‘அறிந்தனள் போல்’ என்று உவம உருபு வந்த இடத்தையும் ‘உருவகம்’ என்று அழைக்க வேண்டியிருக்கும். அந்த நெருடலோடுதான் சொல்கிறேன். பர்சானிஃபிகேஷனை மெட்டஃபரின் ஒரு வகை என்றே இங்கிலீஷில் பலர் கொள்வதால் பெரிய பிசகு இல்லை. தற்குறிப்பேற்றத்தை அதன் வேலைக்கே விட்டுவிடலாம்.

பரீட்சைக்கு என்றால், இங்கிலீஷ் தாளில் அந்தக் கொடி வந்தால் பர்சானிஃபிகேஷன், தமிழ்த் தாளில் வந்தால் தற்குறிப்பேற்றம். இரண்டுக்கும் மார்க் உண்டு, கேட்கும் கேள்விதான் வேறு.

அவள் அந்த வரியை அடித்துவிட்டு ‘ஆளுருவகம்’ என்று எழுதினாள். கீழே சின்னதாக ‘அறிந்தனள் / அறிந்தன’. பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டு, “பஸ் ஸ்டாப்புல ‘அந்தா வந்துட்டான் பாரு’ங்கறாங்களே, அப்ப பஸ்ஸும் ஆளா?” என்றாள்.

அது ஓட்டி வருபவரை நினைத்துச் சொல்வதாகவும் இருக்கலாம். அப்படியானால் ஆகுபெயர் பக்கம் போகும், இங்கிலீஷில் மெட்டானிமி. நோட்டில் அதற்கும் ஒரு வரி இருந்தது. எதிர்ப்பக்கம் காலியாக விட்டிருந்தாள்.