ஜெட் சான்றிதழ்: சப்ளை செய்யும் சிறு பட்டறைக்கு என்ன பயன்?

பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளிடம் விலை, தரத்தோடு இன்னொரு கேள்வியும் வரத் தொடங்கியிருக்கிறது. ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு கரண்ட், எவ்வளவு தண்ணீர், கழிவு எங்கே போகிறது? சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களில் உள்ள கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களின் சுற்றுச்சூழல் கணக்கையும் சொல்ல வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2023-இல் அறிவித்தது. 2025 மார்ச்சில் அதைக் கட்டாயமில்லை, விருப்பம் என்று தளர்த்திவிட்டது. ஆனாலும் ஆர்டர் கொடுப்பவர் கேட்டால் பதில் கையில் இருப்பது நல்லது. அதற்கு மத்திய அரசின் ‘ஜெட்’ சான்றிதழ் திட்டம் உதவும்.

‘ஜீரோ டிஃபெக்ட், ஜீரோ எஃபெக்ட்’ என்பதன் சுருக்கம்தான் ஜெட். பொருளில் குறை இருக்கக் கூடாது, சுற்றுச்சூழலுக்குக் கேடும் கூடாது. திட்டத்தின் இப்போதைய வடிவம் 2022 ஏப்ரலில் வந்தது. பிரான்ஸ், சில்வர், கோல்டு என மூன்று நிலைகள். மொத்தம் 20 அம்சங்களைப் பார்க்கிறார்கள். பிரான்ஸுக்கு 5, சில்வருக்கு 14, கோல்டுக்கு 20.

பிரான்ஸில் பார்ப்பது நிர்வாகத்தின் ஈடுபாடு, சுத்தம், தொழிலாளர் பாதுகாப்பு, சொன்ன தேதியில் டெலிவரி, தரம் ஆகியவை மட்டுமே. மின்சாரமும் சுற்றுச்சூழலும் சில்வரில்தான் வருகின்றன. உங்களுக்குச் சப்ளை செய்பவர்களை நீங்கள் எப்படி நிர்வகிக்கிறீர்கள் என்பது கோல்டில் வரும். ஆகவே பிரான்ஸ் வாங்கிவிட்டு ‘நாங்கள் பசுமை நிறுவனம்’ என்று போர்டு வைப்பது சரியல்ல. சில்வரைக் குறியாக வையுங்கள் என்பதே என் யோசனை.

இதில் அளவீடு எப்படி வேலை செய்கிறது? ஒரு ஃபவுண்டரியை (உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறை) உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாதம் 30,000 யூனிட் கரண்ட், 50 டன் வார்ப்பு. டன்னுக்கு 600 யூனிட். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அதில் 5 டன் ரிஜெக்ட் ஆகி மறுபடி உலைக்கே போகிறது என்றால், விற்கும் சரக்கு 45 டன்தான். அப்போது டன்னுக்கு 667 யூனிட் ஆகிறது. ஆக, ரிஜெக்ட்டைக் குறைத்தாலே மின்சாரச் செலவும் இறங்கும், கரிப்புகையும் இறங்கும். அதனால்தான் தரத்தையும் சுற்றுச்சூழலையும் ஒரே சான்றிதழில் வைத்தது பொருத்தம் என்கிறேன். டெலிவரிக்கும் இதே மாதிரி எளிய கணக்குதான்: 40 ஆர்டரில் 34 சொன்ன தேதியில் போனால் 85 சதவீதம். ஒரு நோட்டில் ஆர்டர் தேதி, ஒப்புக்கொண்ட தேதி, அனுப்பிய தேதி என்று மூன்று பத்தி போட்டால் போதும்.

கட்டணம் பிரான்ஸுக்கு 10,000, சில்வருக்கு 40,000, கோல்டுக்கு 90,000 ரூபாய். குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீத மானியம் உண்டு. அதாவது குறு பட்டறை சில்வருக்குக் கட்டுவது 8,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு இன்னும் 10 சதவீதம் சேரும். பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 2023 முதல் முழுக் கட்டணமும் மானியமே. அக்கா, தங்கை, மனைவி பெயரில் இருந்து அவரே உண்மையில் நடத்தும் பட்டறைகள் நம் ஊர்களில் எத்தனையோ இருக்கின்றன. இந்தச் சலுகையை அவர்கள் விட்டுவிடக் கூடாது.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இல்லாமல் எதுவும் நகராது. அது இருந்தால் ஜெட் இணையதளத்தில் பதிவு செய்து, முதலில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அப்புறம் நிலையைத் தேர்ந்தெடுத்து, கேட்கும் ஆவணங்களையும் பட்டறைப் படங்களையும் ஏற்ற வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அன்றைய மானிய விவரத்தைத் தளத்திலேயே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். போகும்போது கடைசி ஆறு மாத கரண்ட் பில்லையும் உற்பத்திக் கணக்கையும் எடுத்துப் போங்கள்.