டாஸ்க் ஷெட்யூலரில் இருந்த ஓட்டையும் அதை அடைத்த விதமும்

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் கணக்குக் கணினி, பெரும்போக அறுவடைக் காலத்தில், அன்றன்று கொள்வனவு செய்த நெல் மூடைகளின் பதிவை இரவு 11 மணிக்குத் தானாகவே வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்துக்கொள்கிறது. எழுதுவினைஞர் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் இந்த வேலையை நடத்துவது, விண்டோஸின் பின்னணியில் ஓடும் டாஸ்க் ஷெட்யூலர் என்ற சேவை. எல்லாப் பயனர்களின் வேலைகளையும் அவர்கள் இல்லாத நேரத்திலும் தொடக்கிவைக்க வேண்டியிருப்பதால், இச்சேவை கணினியின் உச்ச அதிகாரமுள்ள ‘சிஸ்டம்’ கணக்கில் இயங்குகிறது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

2018 ஆகஸ்ட் 27 அன்று, சாண்ட்பாக்ஸ் எஸ்கேப்பர் என்ற புனைபெயர் கொண்ட ஆய்வாளர் ஒருவர் இச்சேவையிலிருந்த ஓட்டையைத் தாக்குதல் நிரலோடு ட்விட்டரில் வெளியிட்டார். ஒரு வேலைக்குரிய கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதை மாற்றித் தரும் செயற்கூறு ஒன்று சேவைக்குள் உண்டு. அது, கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பாராமல் மேலதிகாரியின் முத்திரையைக் குத்திக்கொடுக்கும் உதவியாளரைப் போல நடந்துகொண்டது. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘டாஸ்க்ஸ்’ என்ற துணைக் கோப்புறையில் சாதாரணப் பயனரும் கோப்பு வைக்கலாம். அங்கே அவர், தாம் படிக்க மட்டுமே முடிந்த ஒரு முக்கியக் கோப்புக்கு ‘ஹார்ட் லிங்க்’ எனப்படும் இரண்டாவது பெயரை உருவாக்கி, அந்தப் பெயரில் அனுமதியை மாற்றும்படி கேட்டால், சேவை உண்மையான கோப்பின் அனுமதியையே மாற்றிவிடும். வெளியான செயல்விளக்கம் அச்சுப்பொறி தொடர்பான ஒரு நூலகக் கோப்பை (நிரல்கள் தேவைப்படும்போது ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) இவ்வாறு கைப்பற்றி, அதில் தன் நிரலை எழுதி, உச்ச அதிகாரத்தில் இயங்கவும் வைத்தது.

இதற்கான மருந்து கொள்கையளவில் எளியது. கோரிக்கையை நிறைவேற்றும் கணத்தில் சேவை தன் அதிகாரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கேட்டவரின் அதிகாரத்தை ஏற்றுச் செயற்பட்டால், தகுதியற்ற கோரிக்கையை இயங்குதளமே மறுத்துவிடும். ஓட்டையுள்ள நிரலில், அனுமதியை மாற்றும் கட்டத்தில் சேவை தன் சொந்த அதிகாரத்திலேயே இருந்தது. மென்பொருள் ஓட்டைகளுக்குச் சிறு திருத்தங்கள் தரும் ஸீரோபேட்ச் குழு, ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் சில கட்டளைகளை மட்டும் மாற்றும் குறுந்திருத்தத்தைச் சில நாட்களிலேயே தந்தது. மைக்ரோசாஃப்டின் திருத்தம் செப்டம்பர் 11 அன்றுதான் வந்தது. இடையில், ஓட்டை வெளியான இரண்டே நாட்களில், பவர்பூல் என்ற தாக்குதல் குழு அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்ததை கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் கண்டறிந்தது. தாக்குதல் நிரலையே கையில் கொடுத்துவிட்டால் இவ்வளவு வேகம் வியப்பில்லை.

ஒரு செயற்கூற்றை அடைத்ததால் அதே வகைத் தவறுகள் எல்லாம் ஒழிந்துவிடவில்லை. பழைய வடிவிலுள்ள வேலைக் கோப்புகளை உள்வாங்கும் பகுதியில் இதே ஆய்வாளர் கண்ட மற்றொரு ஓட்டை 2019 ஜூனில் திருத்தப்பட்டது.

ஆலைக் கணினிக்கு வருவோம். டேட்டா தீர்ந்துவிடும் என்று அறுவடை முடியும்வரை இற்றைப்படுத்தலை நிறுத்திவைப்பவர்கள் உண்டு. பதிவிறக்கிவிட்டு, நாட்கணக்கில் மறுதொடக்கம் செய்யாமல் விடுபவர்களும் உண்டு. சேவை ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றிய பழைய நூலகத்தைக்கொண்டே ஓடுவதால், மறுதொடக்கம் செய்யும்வரை ஓட்டை திறந்தே இருக்கும். எனவே இரவு 11 மணிப் பிரதி முடிந்ததை உறுதிசெய்துகொண்டு, அதற்குப் பின்னான ஒரு நேரத்தை மறுதொடக்கத்துக்கு ஒதுக்குவதே பொருத்தம்.