காற்று படாத இடத்தில் கார் ஏன் துருப்பிடிக்கிறது?

பனி கொட்டும் ஊரில் கார் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, கதவின் அடி மடிப்பு மட்டும் கொப்பளித்து, விரலால் அழுத்தினால் துகள்துகளாக உதிர்கிறது, காற்றே புகாத இடத்தில் துரு எப்படி வரும்?

காற்று சரியாகப் புகாததால்தான் வருகிறது.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் சேர்ந்தால் துரு என்பது பள்ளியிலேயே படித்ததுதான். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, அந்தத் தண்ணீரை நன்றாக மின்சாரம் கடத்தும் கரைசலாக்கிவிடுகிறது. இதன் விளைவை 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் ஒரே ஒரு சொட்டில் காட்டினார். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டில் உப்புநீர்ச் சொட்டு, அதில் நிறம் காட்டும் வேதிப்பொருள்கள் இரண்டு, அவ்வளவுதான். சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் மாறும். நீலம் என்றால் அங்கே இரும்பு கரைகிறது. கரையும் ஒவ்வொரு இரும்பு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுச்செல்ல, அவை தகட்டின் வழியாகவே விளிம்புக்கு ஓடி, காற்றிலிருந்து அங்கே எளிதாக வந்துசேரும் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகின்றன, இளஞ்சிவப்பு அதற்கான அடையாளம். கரைந்த இரும்பும் ஹைட்ராக்சைடும் சந்திக்கும் இடைப்பட்ட வளையத்தில் பழுப்புத் துரு படியும். ஆக்சிஜன் செலவாவது ஓரிடத்தில், இரும்பு அரிக்கப்படுவது ஆக்சிஜன் குறைந்த வேறோரிடத்தில்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

கதவு மடிப்பில் உப்புச்சேறு அடைத்துக்கொண்டால் அந்த இடுக்குதான் சொட்டின் நடுப்பகுதி. துரு, கரைந்த இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பெயின்ட்டைத் தூக்கிவிடும், அதன் கீழே புது இடுக்கு பிறக்கும்.

ஆகவே மேலே மெழுகு பூசுவதைவிட அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் கழுவுவது முக்கியம். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை அடைப்பில்லாமல் வைத்திருங்கள். குளிர்காலத்துக்கு முன்பே, உலோகம் காய்ந்திருக்கும்போது, உட்குழிவுகளில் மெழுகோ எண்ணெயோ தெளிக்கச் சொல்லுங்கள். அப்புறம், உப்பு படிந்த வண்டியைக் கழுவாமல் சூடான கராஜில் நிறுத்தாதீர்கள், உறைந்து கிடந்த ஈரம் உருகி அரிப்பு வேகமெடுக்கும்.

பேட்டரியில் மாட்டினால் துருவே வராது என்று விற்கும் மின்னணுப் பெட்டிகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். கப்பலிலும் புதைத்த குழாயிலும் மின்சாரத்தால் துருவைத் தடுப்பது உண்மைதான், ஆனால் அவற்றைச் சுற்றிக் கடல்நீரோ ஈரமண்ணோ இடைவிடாமல் இருப்பதால் மின்சுற்று முழுமையாகிறது. காரைச் சுற்றி இருப்பது காற்று, அதில் அந்த மின்னோட்டம் செல்ல வழியே இல்லை.