ட்ராக்கில் ஓட்ட எவ்வளவு அகலமான டயர் வேண்டும்?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கிலோ கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டே அன்று, கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் பக்கம் போய்ப் பாருங்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் டயரின் அகலத்தில் வந்து நிற்கும். 195 மி.மீ. அகல டயர் போட்டவர் 205-ஐப் பார்ப்பார், 205 போட்டவர் 225-ஐ. அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி ரிம்மிலும் காற்றழுத்தத்திலும் டயரின் பக்கச்சுவரிலும் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. 1,200 கிலோ எடையுள்ள கார் என்றால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 300 கிலோ. டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது, அதாவது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.25 கிலோ. 300-ஐ 2.25-ஆல் வகுத்தால் 133 சதுர செ.மீ. டயர் தரையைத் தொடும் பரப்பு அவ்வளவுதான். தரையில் பதியும் அகலம் 15 செ.மீ. என்றால் நீளம் 9 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பக்கச்சுவரும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் இது தோராயக் கணக்கு. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகிறது: அதே எடை, அதே காற்று என்றால், அகலமான டயர் போட்டாலும் தொடும் பரப்பு பெரிதாக மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவே.

அப்படியானால் எதற்காக அகலம்? முதல் காரணம் சூடு. வளைவில் ரப்பர் தரையோடு இழுபடும்போதும் வழுக்கும்போதும் அந்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது இது ஒரு பொருட்டே இல்லை. ட்ராக்கில் ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் நடப்பதால் குறுகிய டயர் சில சுற்றுகளிலேயே அளவுக்கு மீறிச் சூடாகி, எண்ணெய் பூசியது மாதிரி வழுக்க ஆரம்பிக்கும். அகலமான டயரில் அதே வெப்பத்தைப் பங்கிட ரப்பர் அதிகம், காற்றில் ஆற இடமும் அதிகம். அதனால் இன்னும் மென்மையான, ஒட்டும் தன்மை கூடிய ரப்பரையே பயன்படுத்தலாம். பிடிப்பு உண்மையில் அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது காரணம் ரப்பரின் வினோதமான குணம். உராய்வு எடையைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடும், பரப்பைச் சார்ந்ததில்லை என்று பள்ளியில் படித்தோம். ரப்பர் அந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படாது. எடையை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பை எட்டாது. வளைவில் கார் சாயும்போது உள்பக்க டயர் இழக்கும் எடை வெளிப்பக்க டயருக்குப் போகிறது. ஆனால் உள்ளே இழந்த பிடிப்பு அத்தனையும் வெளியே கிடைப்பதில்லை. அதிக எடை தாங்கும் அகல டயரை, குறைந்த காற்றழுத்தத்தில், பெரிய பரப்போடு ஓட்டினால் இந்த நஷ்டம் குறையும்.

இவ்வளவு இருந்தும் அகலம் இலவசம் இல்லை. டயரும் ரிம்மும் கனக்கும், காற்றுத் தடை கூடும், மழைத் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். ஃபார்முலா 1-இல் 2017-இல் முன் டயரை 245-லிருந்து 305 மி.மீ.க்கும், பின் டயரை 325-லிருந்து 405-க்கும் அகலப்படுத்தினார்கள். 2026 விதிகளில் முன்பக்கம் 25 மி.மீ., பின்பக்கம் 30 மி.மீ. குறைத்துவிட்டார்கள்.

அப்சைஸ் செய்பவர்கள், அதாவது பெரிய அளவு டயருக்கு மாறுபவர்கள், அதிகம் கோட்டை விடுவது ரிம்மில். டயரில் 205/55 ஆர்16 என்று இருந்தால் அகலம் 205 மி.மீ., சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். இதற்கு 5.5 முதல் 7.5 அங்குல அகலமுள்ள ரிம் பொருந்தும். டயரின் அகலத்தை அளப்பது 6.5 அங்குல ரிம்மில் மாட்டித்தான். 6 அங்குல ரிம்மில் 225-ஐத் திணித்தால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுபட்டு வயிறு தள்ளி நிற்கும். வளைவில் அந்த வயிறுதான் முதலில் அசையும், தரையைத் தொடும் ரப்பர் பட்டையான ட்ரெட் அப்புறம்தான் வரும். அகலத்துக்குக் காசு கொடுத்து, ஸ்டீயரிங்கின் கூர்மையை விற்றதுதான் மிச்சம். என்னைக் கேட்டால், அகலமான ரிம் வாங்க முடியாதவர் பழைய அளவிலேயே நல்ல டயர் வாங்குவது மேல்.

இப்போது பக்கச்சுவர். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ரிம் திரும்புகிறது. ஆனால் தரையைப் பிடித்திருக்கும் ட்ரெட் உடனே திரும்புவதில்லை. இரண்டுக்கும் நடுவே பக்கச்சுவர் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழுகிறது. அதை ஸ்லிப் ஆங்கிள் என்பார்கள். இந்தக் கோணம் இல்லாமல் டயர் பக்கவாட்டில் விசையே தராது. சாதாரண ரேடியல் டயர் 6 முதல் 10 டிகிரிக்குள் உச்சப் பிடிப்பைத் தொடும். விறைப்பான டயர் அதற்கு முன்பே தொட்டுவிடும்.

அந்த விசையின் பெரும்பகுதி வர டயர் கொஞ்ச தூரம் உருள வேண்டும். சாதாரண கார் டயரில் ஏறத்தாழ அரை மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இடது, உடனே வலது என்று கார் புரளும் இடத்தில் இந்தத் தாமதம் கைக்குத் தெரியும். பக்கச்சுவர் விறைத்திருந்தால் இந்தத் தூரம் சுருங்கும். கார் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று ஓட்டுநர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது? சுவரின் உயரம் ஒரு பங்கு. 195/55 ஆர்16-இல் சுவர் 107 மி.மீ., 205/45 ஆர்17-இல் 92 மி.மீ. மொத்த விட்டம் 621-லிருந்து 616 மி.மீ.க்குத்தான் மாறுகிறது, அதனால் ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. மற்ற பங்கெல்லாம் உள்ளே மறைந்திருக்கிறது: ரிம்மைக் கவ்வும் பீடுக்கு மேல் வைத்திருக்கும் கெட்டி ரப்பர் ஆப்பு எவ்வளவு உயரம், எத்தனை அடுக்கு நூல்துணி, காற்று எவ்வளவு. ஒரே அளவில் இரண்டு கம்பெனி டயர்கள் இரண்டு விதமாக நடப்பது இதனால்தான். கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்.எல். என்ற முத்திரையும் அதிக எடை தாங்கும் என்றுதான் சொல்கிறது, பந்தய விறைப்பு என்று சொல்லவில்லை.

விறைப்பு அளவு மீறினாலும் சிக்கல்தான். மென்மையான டயர் உச்சத்தை மெதுவாகத் தொட்டு மெதுவாக விடும்; வழுக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும். மிக விறைத்த டயர் பிடித்துக்கொண்டே இருந்து சட்டென்று கைவிடும். புதிதாக ட்ராக்குக்கு வருபவருக்கு அந்த எச்சரிக்கை அரை நொடி வேகமான சுற்றைவிடப் பெரிது. மேடுபள்ளங்களை விழுங்குவதும் சுவர்தான். 2022-இல் ஃபார்முலா 1 13 அங்குல ரிம்மிலிருந்து 18-க்கு மாறியபோது முன் டயரின் சுவர் 170-லிருந்து 131 மி.மீ.க்கு இறங்கியது. அதுவரை சுவர் செய்துவந்த சஸ்பென்ஷன் வேலையில் ஒரு பகுதியைக் காரே செய்ய வேண்டியதாயிற்று.

சரி, உங்கள் டயருக்கு விறைப்பு போதுமா என்று எப்படிப் பார்ப்பது? ட்ரெட் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை சுண்ணக்கட்டியால் மூன்று நான்கு இடங்களில் கோடு போட்டுவிட்டு சில சுற்று ஓட்டுங்கள். கோடு ட்ரெட் ஓரத்தைத் தாண்டிச் சுவரிலும் அழிந்திருந்தால் டயர் புரண்டு படுக்கிறது: காற்று போதவில்லை, அல்லது சுவர் தளர்வு, அல்லது சக்கரத்தின் மேல்பக்கம் காரை நோக்கிச் சாய்ந்திருக்கும் உள்சாய்வு போதவில்லை. ஓரம் வரை அழியவே இல்லையென்றால் காற்று அதிகம்.

காற்றைக் குளிர்ந்த டயரில் மட்டும் பார்த்தால் போதாது. 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. பிடித்த டயர் உள்ளே 80 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 40 காட்டும். சூட்டில் 35 வேண்டுமென்றால் தொடக்கம் 28-ஆக இருக்க வேண்டும். அதனால் பிட்டுக்கு வந்தவுடன், டயர் ஆறுவதற்குள், அளந்து இறக்குவதே வழக்கம். புது டயருக்கு முன்னால் நல்ல பிரஷர் கேஜ் ஒன்று வாங்குங்கள் என்றே நான் சொல்வேன்.

அப்படி இறக்கிய டயர் மாலையில் ஆறும்போது 28-க்கு வந்து நிற்கும். 92 மி.மீ. சுவரோடு, அந்தக் காற்றில் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு குழியில் விழுந்தால் ரிம் நேராக அடி வாங்கும். கார்க் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடித்துவிட்டு ட்ராக் வாசலைத் தாண்டுங்கள்.