பின்குஷன் செடியைச் சாகடிப்பது குளிரா, வெயிலா?

"குளிரில் செத்துவிட்டது" என்பார் ஒருவர். "வெயில் தாங்கவில்லை" என்பார் இன்னொருவர். தோட்டக்கலை ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் பின்குஷன் பூ, அதாவது ஸ்கேபியோசா பற்றி நான் அதிகம் கேட்பது இந்த இரண்டு புகார்களைத்தான். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றே: செத்த செடியைப் பிடுங்கி, தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அது பழுப்பேறி, கொழகொழவென்று நசுங்கும். வாடையும் அடிக்கும். காய்ந்து செத்த செடி அப்படி நசுங்காது, முறுமுறுவென்று ஒடியும். கழுத்து அழுகியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் தேங்கிய ஈரம்தான்.

இந்தச் செடியின் பூர்வீகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். கொலம்பேரியா என்ற இனம் ஐரோப்பாவின் சுண்ணாம்புச் சரிவுகளில், புல்லோடு புல்லாக வளர்வது. காகசிகா, காகசஸ் மலைப்பகுதிக்காரி. அட்ரோபர்பூரியா மத்தியதரைக்கடல் ஓரத்து வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. மூன்றுக்கும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் மண்தான் பழக்கம். மண்ணின் கார அமிலத் தன்மை (pH) 6.5 முதல் 7.5 வரை இருந்தால் போதும். அமில மண்ணாக இருந்தால் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் சேர்க்கலாம்.

கடுங்குளிர் பிரதேசத்தில் இருப்பவர்கள் காகசிகாவைத் தயங்காமல் வைக்கலாம். (சில நாற்றுப் பண்ணைகளின் சீட்டில் லோமெலோசியா காகசிகா என்ற புதிய தாவரவியல் பெயர் இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.) மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை அது தாங்கும். பனி போர்வையாக மூடிக்கொண்டால் வேருக்கு அது பாதுகாப்புதான். ஆபத்து வருவது பனி உருகி உறைந்து, மறுபடி உருகும் நாட்களில், களிமண்ணில் நீர் குளம்கட்டும்போது. அதனால் குளிர்காலத்துக்கு முன்பு செடியின் தலையில் மூடாக்கை, அதாவது மண்மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றைக் குவிக்காதீர்கள். மூடாக்கு சுற்றிலும் இருக்கட்டும், கழுத்து திறந்திருக்கட்டும். களிமண் நிலமென்றால் ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி போட்டுச் சரளையும் கலந்துவிடுங்கள்.

மிதமான குளிரும் வறண்ட கோடையும் உள்ள இடங்களில் அட்ரோபர்பூரியாவை இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடலாம். குளிர்காலம் முழுக்க வேர் பிடித்துக்கொண்டு, வசந்தத்தில் அது தரும் பூ, வசந்தத்தில் விதைத்த செடி தருவதைவிட அதிகம். காகசிகாவுக்குக் கடுங்கோடை ஒத்துக்கொள்ளாது. பல்லாண்டுச் செடிதான் வேண்டும் என்பவர்கள் கொலம்பேரியாவின் 'பட்டர்ஃப்ளை புளூ' ரகத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் 2000ஆம் ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். குட்டையான செடி, விடாமல் பூக்கும். ஆனால் பல்லாண்டு என்றாலும் ஆயுள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட்டால்தான் தொடரும்.

அதிகம் பேசவேண்டியது வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த பகுதிகளைப் பற்றித்தான். பகல் 30 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாத நாட்களில் பூ சிறுக்கும், தண்டு சாயும், சாம்பல் நோய் வரும். இங்கே ஸ்கேபியோசாவைப் பல்லாண்டுச் செடியாக எதிர்பார்க்கவே வேண்டாம். அட்ரோபர்பூரியாவைக் குளிர்பருவத்துக்கு மட்டுமான செடியாக வளர்த்தால் ஏமாற்றம் இருக்காது. விதைத்ததிலிருந்து பூக்க ஏறத்தாழ 3 மாதம் ஆகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். குளிர் தொடங்கிய பிறகு விதைத்தால், மொட்டு வரும் நேரத்தில் கோடை வந்துவிடும். மழை முடியுமுன்பே கூரைக்கு அடியில் குழித்தட்டில் விதையுங்கள். 18 முதல் 21 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். விதைமேல் மெல்லிய மண் பூச்சு போதும். மழை ஓய்ந்ததும் நாற்றை வெளியே நடுங்கள். உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அங்கே பல்லாண்டு ரகங்களும் நன்றாக வரும்.

இந்தப் பகுதிகளில் செடியைக் காலிபண்ணும் பழக்கம் ஒன்று உண்டு. உச்சி வெயிலில் இலை துவளும்; உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டால், அது வெயிலின் களைப்பு அல்லது வேரழுகலின் தொடக்கம். இரண்டுக்கும் தண்ணீர் மருந்தல்ல. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும், அதுவும் காலையில், இலைமேல் படாமல் அடியில் ஊற்றுங்கள்.

எந்த ஊர்க் காலநிலையாக இருந்தாலும் வாடிய பூவை வெட்டினால்தான் அடுத்த பூ வரும். இதில் பலரும் மொட்டை வெட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் இதழ் உதிர்ந்த தலையும் விரியாத மொட்டும் பார்க்க ஒன்றுபோலவே பச்சையாக இருக்கும். மொட்டு பொத்தானைப் போலத் தட்டையானது. பூத்து முடிந்த தலை நடுவில் மேடிட்டு, உற்றுப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கருத்த முட்கள் தெரியும். அதைத் தண்டின் அடுத்த கிளைவரை இறக்கி வெட்டுங்கள். விதை வேண்டுமென்றால் கடைசிப் பருவத்தில் சில தலைகளை விட்டுவைத்தால் போதும். உரம் மிகக் குறைவாகவே தேவை. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலைதான் மண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்காவின் லூகோஸ்பெர்மம் என்ற புதர்ச்செடியையும் பின்குஷன் என்றே விற்கிறார்கள். அது புரோட்டியா குடும்பம். அமிலத்தன்மையுள்ள, சத்தில்லாத மணல்தான் அதற்கு வேண்டும். துளிச் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் வகையில் அதன் வேர்கள் கொத்துக்கொத்தாக அமைந்திருப்பதால், எலும்புத்தூளோ சூப்பர் பாஸ்பேட்டோ போட்டால் அவற்றிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) நஞ்சாகி இலை கருகும், செடியே போய்விடும். ஸ்கேபியோசாவுக்கு நான் சொன்ன சுண்ணாம்பும் அதற்கு ஆகாது. வாங்கும்போது இலையைத் தொட்டுப் பாருங்கள். ஸ்கேபியோசாவின் தண்டிலை மெல்லியதாக, பிளவுபட்டிருக்கும். தோல்போலத் தடித்து, நுனியில் சிறு பற்களோடு, கட்டைத் தண்டில் ஒட்டியிருந்தால் அது லூகோஸ்பெர்மம்.